பயிரைப் போல் நிற்கும் களை: ‘யோவ்’ என்னும் சீன எழுத்தின் பொருள் என்ன?

தூரிகை மாணவன் கேட்டது:

வணக்கம். மூன்று ஆண்டுகளாகச் சீன மொழி படித்து வருகிறேன். பேச்சு மொழியைவிடப் பழஞ்சீன உரைநடையில்தான் எனக்கு ஈடுபாடு அதிகம். இப்போது கன்பூசியஸின் வழிவந்த பழஞ்சீன அறிஞர் மென்சியஸின் நூலைச் சிறிது சிறிதாகத் தமிழில் எழுதிப் பார்க்கிறேன். அதன் கடைசிப் பகுதியில், உண்மையைப் போலத் தோன்றி உண்மையல்லாதவற்றைத் தாம் வெறுப்பதாகக் கன்பூசியஸ் சொன்ன வரிகள் வருகின்றன. அந்த வரிசையின் முதலிலேயே நிற்கும் ஓர் எழுத்து என்னைப் பல நாட்களாக நிறுத்தி வைத்திருக்கிறது.

அதன் ஒலிப்பு ‘யோவ்’, மூன்றாம் தொனி. அகராதிகளில் ‘வயற்களை’ என்றும், ‘தீயது, கெட்டது’ என்றும் இரண்டு பொருள்கள் உள்ளன. எழுத்தின் வடிவம்தான் விளங்கவில்லை. மேலே புல்லைக் குறிக்கும் தலைப்பகுதி இருக்கிறது. கீழே இருப்பது ‘சியூ’ என்னும் எழுத்து. ‘சியூ’ என்றால் சிறந்தது, அழகியது, தேர்ந்தது என்றுதான் நான் படித்திருக்கிறேன். பழைய அரசுத் தேர்வில் தேறியவருக்கு வழங்கிய ‘சியூத்சாய்’ என்ற பட்டத்திலும் இதே எழுத்துதான் வருகிறது. சிறப்பைக் குறிக்கும் எழுத்தின் தலையில் புல்லை வைத்தால் அது எப்படி இழிந்த களையாகிறது? பார்வைக்குச் சிறந்ததாகத் தோன்றும் புல் என்ற கருத்தில் இதை அமைத்தார்களா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். முதல் வரைவில் இதைப் ‘பதர்’ என்று தமிழில் எழுதினேன். பிறகு ஐயம் வந்து ‘களை’ என்று மாற்றினேன். இரண்டுமே நிறைவு தரவில்லை. இது எந்தப் புல் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.


எழுத்தாய்வாளர் எழுதியது:

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: ‘சியூ’ என்பதன் முதற்பொருள் என்ன என்பது ஒன்று, அது இந்த எழுத்தில் பொருளுக்காக வந்ததா ஒலிக்காக வந்ததா என்பது மற்றொன்று.

‘சியூ’ என்பதை மேலும் பிரித்தால் அதன் மேற்பகுதியில் ‘ஹெ’ என்னும் தானியப் பயிரின் குறி தெரியும். ‘சிறந்தது’ என்பது பின்னால் வந்த பொருள். பயிர் கதிர் ஈனுவதே, அதாவது குருத்திலிருந்து கதிர் வெளிவருவதே, பழைய பொருள். கன்பூசியஸின் உரைத்தொகுப்பில் ஒன்பதாம் பகுதியில் இதற்குத் தெளிவான சான்று உண்டு: முளைத்தும் கதிர் ஈனாதவை உண்டு, கதிர் ஈன்றும் மணி பிடிக்காதவை உண்டு என்று அவர் வருந்துகிறார். அங்கே ‘கதிர் ஈனுதல்’ என்ற இடத்தில் நிற்பது ‘சியூ’தான். வயலில் மற்ற பயிர்களுக்கு மேலாகக் கதிர் தலைதூக்குவதைப் பார்த்துப் பழகியவர்களின் மொழியில், கூட்டத்தில் மேலெழுந்து தெரிபவனும் ‘சியூ’ ஆனான். ஆகவே உங்கள் களையின் எழுத்தில் ‘சிறப்பு’ என்ற பொருளைத் தேடுவதற்கு முன் ‘கதிர்’ என்ற பொருளை நினைவில் கொள்ளுங்கள்.

இனி இரண்டாவது கேள்வி. கி.பி. 100இல் ஷு ஷென் தொகுத்து முடித்து, 121இல் அரசவைக்கு அளிக்கப்பட்ட ‘ஷுவோவென் ஜியேஸி’ என்னும் எழுத்தகராதி, ‘யோவ்’ என்பதைப் புல் குறியும் ‘சியூ’ என்ற ஒலியும் சேர்ந்த எழுத்து என்றே பிரிக்கிறது. தினை வயலில் பயிரினூடே எழுவது இந்தக் களை என்று பொருள் சொல்லி, சீனர் காலத்தைக் கணக்கிடப் பயன்படுத்திய பன்னிரு ‘நிலக்கிளை’க் குறிகளில் பத்தாவதன் பெயரான ‘யோவ்’ போல இதை ஒலிக்க வேண்டும் என்றும் குறிக்கிறது. சீன எழுத்துகளில் மிகப் பெரும்பாலானவை இவ்வாறு ஒரு பகுதி பொருளையும் மற்றொரு பகுதி ஒலியையும் காட்டுபவைதாம்.

இன்றைய பெய்ஜிங் ஒலிப்பில் ‘சியூ’வும் ‘யோவ்’வும் விலகிப் போய்விட்டதால் இந்த உறவு நமக்குக் கண்ணில் படுவதில்லை. ஆனால் இது தனித்து நிற்கும் எழுத்தன்று. பேச்சைக் குறிக்கும் பகுதியுடன் ‘சியூ’ சேர்ந்தால் ‘யோவ்’, நான்காம் தொனி. ஆசைகாட்டி இழுத்தல் என்று பொருள். நடையைக் குறிக்கும் பகுதியுடன் சேர்ந்தால் ‘தோவ்’. ஊடுருவுதல் என்று பொருள். இன்றைய எளிய வடிவத்தில் உலோகக் குறியுடன் இதே ‘சியூ’வைச் சேர்த்தால் இரும்புத் துரு. துருவிலே சிறப்பு எங்கே இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. அங்கே அது ஒலிக்காக மட்டுமே நிற்கிறது.

இதே அகராதியைப் பற்றி மற்றொரு செய்தியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அங்கே ‘சியூ’வைத் தேடிப் போய் ஏமாந்து திரும்புகிறார்கள். அந்த எழுத்துக்கு ஷு ஷென் விளக்கமே எழுதவில்லை. ‘மேலவரின் பெயர், விலக்கு’ என்ற பொருள்படும் இரண்டே எழுத்துகளோடு நிறுத்திக்கொண்டார். கிழக்கு ஹான் அரசை நிறுவிய குவாங்வு பேரரசரின் இயற்பெயர் லியூ சியூ. பேரரசரின் பெயரை எடுத்து ஆராய்வது அக்காலத்தில் மரபுக்கு மாறானது. ‘சியூத்சாய்’ என்ற பட்டமே அந்த ஆட்சிக்காலத்தில் ‘மாவ்த்சாய்’ என்று மாற்றி வழங்கப்பட்டது. அவர் பிறந்த ஆண்டில் அந்த வட்டாரத்தில் ஒரே தாளில் ஒன்பது கதிர் விட்ட அரிய பயிர் ஒன்று தோன்றியதால்தான் குழந்தைக்கு ‘சியூ’ என்று பெயரிட்டார்கள் என்று பிற்கால ஹான் வரலாறு கூறுகிறது. ‘சியூ’ என்றால் கதிர் என்ற பழம்பொருள் அப்போது எவ்வளவு உயிரோடு இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

உங்கள் ஊகத்துக்கு நெருக்கமான ஒரு கருத்தை முன்னரே சொன்னவர் உண்டு. 1596இல் வெளிவந்த தம் பெரும் மருந்து நூலில் லி ஷிஜென், இந்தப் புல் கதிர் விட்டும் மணி தருவதில்லை, அதனால்தான் எழுத்தில் ‘சியூ’ இருக்கிறது என்று எழுதினார். கன்பூசியஸின் வரியை நினைத்தே அவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும். அழகான விளக்கம்தான், இருந்தாலும் ஒலிச் சான்று இவ்வளவு வலுவாக இருக்கும்போது, இதை எழுத்தின் பிறப்பு வரலாறாக ஏற்க நான் தயங்குவேன். ஒலிக்காகத் தேர்ந்த பகுதியே கதிரையும் நினைவூட்டியது, அதைப் பின்வந்தவர்கள் பற்றிக்கொண்டார்கள் என்று கொள்வதே நேர்மை.


மானாவாரி விவசாயி எழுதியது:

எனக்குச் சீன எழுத்து தெரியாது, தினை தெரியும். மேலே நண்பர் ‘தினை வயலில்’ என்று எழுதியதைப் பார்த்ததும் இதை எழுதத் தோன்றியது.

நீங்கள் தேடும் புல்லுக்கு இன்றைய சீனத்தில் ‘கோவ் வெய் ட்ஸாவ்’, அதாவது நாய்வால் புல், என்று பெயர். தாவரவியலில் செட்டாரியா விரிடிஸ். நாம் பயிரிடும் தினை செட்டாரியா இட்டாலிக்கா. இவை இரண்டும் வெறும் தோற்ற ஒற்றுமை கொண்டவை அல்ல: அந்தப் புல்தான் தினையின் காட்டு முன்னோர். இரண்டுக்கும் ஒன்பது இணைக் குரோமோசோம்கள். இரண்டும் ஒன்றோடொன்று கலந்து விதை தரக்கூடியவை. வட சீனத்தில் எட்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பிருந்தே மக்கள் இந்தக் காட்டுப் புல்லின் மணியைச் சேர்த்து, விதைத்து, தேர்ந்து, தினையாக்கினார்கள். ஹெபெய் மாநிலத்தின் சிஷான் என்ற இடத்தில் அகழ்ந்தெடுத்த தானியக் குழிகள் அந்தக் காலத்துச் சிறுதானிய வேளாண்மைக்குப் பெயர்பெற்றவை.

தினையையும் அதன் களையையும் பிரிக்கும் மிகப் பெரிய வேறுபாடு மணி உதிர்வதுதான். காட்டுப் புல்லின் கதிர் சிறியது, விறைத்த மயிர் நிறைந்தது, மணி முற்ற முற்ற உதிர்ந்து மண்ணில் விழுந்துவிடும். தினைக்கதிர் கனத்துத் தலைசாயும். அறுக்கும்வரை மணி கதிரிலேயே தங்கும். லி ஷிஜென் ‘மணி தருவதில்லை’ என்று சொன்னதாக மேலே படித்தேன். அந்தப் புல்லில் மணி உண்டு, நிறையவே உண்டு. அரிவாளோடு போகிறவன் கைக்குத்தான் அது கிடைப்பதில்லை.

ஆனால் இந்த வேறுபாடெல்லாம் கதிர் வந்த பிறகு தெரிவது. தினையை நெருக்கமாக விதைத்து, முளைத்த பின் கலைத்துவிடுவது வழக்கம். களையெடுப்பதும் அந்தச் சமயத்தில்தான். அப்போது நான்கைந்து இலையோடு நிற்கும் இரண்டையும் பிரித்தறிவது பழகிய கண்ணுக்கே கடினம். களை என்று நினைத்துப் பயிரைப் பிடுங்குவதும், பயிர் என்று நினைத்துக் களையை விட்டுவைப்பதும் நடக்கும். விட்டுவைத்தது உதிர்த்த விதை அடுத்த ஆண்டு முளைக்கும். ஆறாம் நூற்றாண்டில் ஜியா ஸிஷியே எழுதிய ‘சிமின் யாவ்ஷு’ என்னும் வேளாண் நூல், தினை வயலை ஆண்டுதோறும் மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் இந்தக் களை பெருகி விளைச்சல் குறையும் என்று அறிவுறுத்துகிறது. அந்த அறிவுரையில் இருப்பது உங்களுடைய அதே ‘யோவ்’ எழுத்து என்று அந்நூலைப் படித்த ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். வட சீன விவசாயிகள் தினையோடு கலந்து நிற்கும் இந்த வகைகளை இன்றும் ‘கூ யோவ் ஸி’ என்றுதான் அழைக்கிறார்கள். ‘கூ’ என்பது அங்கே தினை.

உறவின் நெருக்கத்துக்கு இன்றைய சான்று ஒன்றும் உண்டு. கனடாவின் வயல்களில் ஒரு களைக்கொல்லிக்குச் சாகாத நாய்வால் புல் தென்பட்டபோது, ஆய்வாளர்கள் அதைத் தினையோடு கலந்து அந்தத் தாங்குதிறனைப் பயிருக்குக் கொண்டுவந்தார்கள். அத்தகைய தினை வகைகள் சீனத்தில் பயிரிடப்படுகின்றன. களையை அழிக்கும் மருந்தைத் தாங்கும் வலிமையைப் பயிர் அந்தக் களையிடமிருந்தே பெற்றிருக்கிறது.

‘பதர்’ என்ற சொல் இங்கே பொருந்தாது, ஐயா. பதர் என்பது நம் பயிரிலேயே மணி பிடிக்காமல் போனது. இது வேறு செடி.


தூரிகை மாணவன் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ‘பதர்’ என்பதை இன்றே அடித்துவிட்டேன். கன்பூசியஸ் ஏன் இந்தப் புல்லை எடுத்துக்காட்டினார் என்பது இப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்குகிறது. நான் இதுவரை அதை ஏதோ ஒரு களை என்றே படித்து வந்தேன்.

ஓர் ஐயம் மிஞ்சியிருக்கிறது. ‘பூ லாங் பூ யோவ்’ என்ற தொடருக்கு எதற்கும் உதவாதவன் என்று அகராதி பொருள் தருகிறது. சொல்லுக்குச் சொல் எடுத்தால் ‘லாங் களையும் இல்லை, யோவ் களையும் இல்லை’ என்று வருகிறது. களை இல்லாத வயல் நல்ல வயல்தானே? அது எப்படி வசையாகும்?


பழம்பாடல் வாசகி எழுதியது:

பிறந்த இடத்தில் அது பாராட்டுத்தான். சீனத்தின் மிகப் பழைய கவிதைத் தொகையான ‘ஷி ஜிங்’கில் ‘பெருவயல்’ என்று ஓர் அறுவடைப் பாடல் உண்டு. கதிர் உமி கட்டியது, பால் பிடித்தது, மணி இறுகியது, நன்றாய் முற்றியது என்று படிப்படியாகச் சொல்லி வந்து, ‘லாங் இல்லை, யோவ் இல்லை’ என்று மகிழ்கிறது அந்தப் பாடல். அடுத்து, பயிரைத் தின்னும் புழுக்களையும் பூச்சிகளையும் எடுத்து எரியும் தீயில் போடுமாறு வயல் தெய்வத்தை வேண்டுகிறது. ‘லாங்’ என்பதும் தினையைப் போன்ற ஒரு களைதான். ஓநாய்வால் புல் என்று பிற்காலத்தார் அதை அடையாளம் காண்கிறார்கள். ஓநாய்வாலும் நாய்வாலும் இல்லாத வயலைக் கண்ட உழவனின் நிறைவு அந்த வரி.

அது வசையானதற்கு, ஒலி ஒத்த வேறொரு தொடர் குறுக்கிட்டதுதான் காரணம். மிங் காலத்து எழுத்தொன்று தரும் விளக்கப்படி, அக்காலத்தில் மக்களைத் தரம் பிரித்து உயர்ந்த குடியினரை ‘சியூ’ என்றும் தாழ்ந்த நிலையினரை ‘லாங்’ என்றும் அழைத்தார்கள். ‘பூ லாங் பூ சியூ’ என்றால் இந்தப் பக்கமும் சேராத, அந்தப் பக்கமும் சேராத ஆள். படித்தவர்கள் கைக்குப் பாடலின் வரி பழக்கமாக இருந்ததால் இந்தத் தொடரைப் பாடலின் எழுத்துகளிலேயே எழுதத் தொடங்கினார்கள். 1791இல் அச்சேறிய ‘செம்மாடக் கனவு’ புதினத்தில், உருப்படாத பிள்ளைக்குப் பெண் எடுத்தால் பிறர் வீட்டுப் பெண்ணின் வாழ்வு கெடும் என்று தந்தை வருந்தும் இடத்தில், பாடலின் எழுத்துகள்தாம் நிற்கின்றன. பொருளோ முற்றிலும் வசை. புகழ்ச்சியாகப் பிறந்த ஒரு வரிக்கு இப்படி நேர்ந்தது எனக்கு இன்றும் வருத்தமாகவே இருக்கிறது.

அதே தொகையில் இந்தக் களை வேறு இரண்டு பாடல்களிலும் வருகிறது. ‘பரந்த வயலை உழாதே, யோவ்தான் செருக்கி வளரும்’ என்று தொடங்கும் பாடல் தொலைவில் இருப்பவரை நினைத்து மனம் வருந்துவதைச் சொல்வது. கைக்கு அடங்காத நிலத்தில் களை வளர்வதும், எட்டாத ஒருவர்மேல் வைத்த நினைவு வளர்வதும் அங்கே அருகருகே நிற்கின்றன. இரண்டுக்கும் இடையே ‘போல’ என்ற சொல் கூட இல்லை. மற்றொரு பாடல், அரசியல் சீர்கேட்டை எண்ணிப் புலம்புவது. ‘நல்ல சொல்லும் வாயிலிருந்து, யோவ்ச் சொல்லும் வாயிலிருந்து’ என்கிறது அது. புல்லின் பெயர் ‘தீயது’ என்ற பொருளுக்கு நகர்ந்ததை இங்கேயே காணலாம். எனவே உங்கள் அகராதியின் இரண்டாம் பொருளும் மென்சியஸுக்கு முற்பட்டதே.

‘ஸுவோ’ வரலாற்று உரையில் ஒரு சிறு காட்சி இருக்கிறது. செங் நாட்டில் போயோவ் என்ற பிரபுவின் வீட்டைக் கடந்து இருவர் விடியற்காலையில் நடக்கிறார்கள். வாயிலின் மேல் யோவ் முளைத்திருக்கிறது. ‘அந்த யோவ் இன்னும் இருக்கிறதா?’ என்று ஒருவர் கேட்கிறார். புல்லைப் பார்த்துக் கேட்டதுபோல் இருந்தாலும், அது ஆடம்பரத்தில் திளைத்த அந்தப் பிரபுவைப் பற்றியது என்று உரையாசிரியர் து யூ விளக்குகிறார். பிரபுவின் பெயரின் இறுதியும் இன்றைய ஒலிப்பில் அதே ‘யோவ்’தான். கி.மு. 543இல் போயோவ் கொல்லப்பட்டார்.

உங்கள் மொழிபெயர்ப்புக்கு ஒரு திருத்தம் சொல்ல அனுமதியுங்கள். அடிக்குறிப்பில் இந்த வரியைக் கன்பூசியஸின் உரைத்தொகுப்பில் இருப்பதாக எழுதிவிடாதீர்கள். உரைத்தொகுப்பின் பதினேழாம் பகுதியில் செந்நிறத்தின் இடத்தைப் பிடிக்கும் ஊதாவையும், நல்லிசையைக் குலைக்கும் செங் நாட்டு இசையையும், நாட்டையே கவிழ்க்கும் கூர்நாக்கையும் வெறுப்பதாக மட்டுமே உள்ளது. களை அங்கே இல்லை. மென்சியஸ் தரும் வடிவத்தில்தான் வரிசை நீண்டு, களை முதலில் நிற்கிறது. இறுதியில், ஊரார் எல்லோரும் நல்லவன் என்று சொல்லும்படி நடந்துகொள்ளும் போலி ஒழுக்கத்தவன் நிற்கிறான். அந்த மனிதனைப் பற்றித்தான் அந்தப் பகுதி முழுவதும் பேசுகிறது. அவனுக்கு உவமையாகவே களை முன்னால் வைக்கப்பட்டிருக்கிறது என்பதால், உங்கள் தமிழ்ச் சொல்லில் தோற்ற ஒற்றுமை என்ற கருத்து விடுபட்டால் அந்தப் பகுதியே தளர்ந்துவிடும்.


எழுத்தாய்வாளர் மீண்டும் எழுதியது:

அருமையான விளக்கம், அம்மா. ஒரு சிறு சேர்க்கை மட்டும். இன்று இந்த எழுத்தைச் சீன மாணவர்கள் பெரும்பாலும் சந்திப்பது ‘லியாங் யோவ் பூ சி’ என்ற தொடரில்தான். நல்லவையும் கெட்டவையும் கலந்து கிடப்பதைச் சொல்வது அது. பலர் கீழ்ப்பகுதியை மட்டும் பார்த்து ‘லியாங் சியூ பூ சி’ என்று படித்துவிடுகிறார்கள். அப்படிப் படித்தால் ‘நல்லதும் சிறந்ததும்’ என்றாகி, தொடரின் பொருளே போய்விடும்.

நெல்வயற் களையான ‘பாய்’ என்பதோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது நம் குதிரைவாலியின் இனத்தைச் சேர்ந்த புல். எழுத்தில் பயிர்க்குறியின் அருகே ‘தாழ்ந்தது’ என்னும் பொருளுள்ள பகுதி நிற்கும். 1919இல் வந்த சீன விவிலியத்தில், கோதுமைக்கு நடுவே பகைவன் விதைத்த களைக்கு அந்தப் ‘பாய்’தான் எடுத்தாளப்பட்டது. கொரிய மொழியில் நாய்வால் புல்லின் பெயர் நாய்க்குட்டிப் புல். ஜப்பானியப் பெயரும் அதையே குறிக்கிறது. புல்லைப் பார்த்த கண்கள் எல்லா இடத்திலும் அந்த வாலைத்தான் கண்டிருக்கின்றன.


தூரிகை மாணவன் எழுதியது:

அடிக்குறிப்பில் நான் உண்மையாகவே உரைத்தொகுப்பு என்று எழுதியிருந்தேன், நீக்கிவிட்டேன். வரியை இப்போது இப்படி அமைத்திருக்கிறேன்: ‘தினைப்போலியை வெறுக்கிறேன், அது இளம்பயிரோடு கலந்து மயக்கிவிடுமோ என்ற அச்சத்தால்.’ ‘தினைப்போலி’ என்பது அகராதியில் இல்லாத சொல் என்பதை அறிவேன்.


மானாவாரி விவசாயி எழுதியது:

சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. ‘இளம்பயிர்’ என்பதற்குப் பதிலாகப் ‘பைங்கூழ்’ என்று வைக்க முடியுமா என்று பாருங்கள். களையெடுக்கும் பருவத்தில், கதிர் வருவதற்கு முன், பசுமையாக நிற்கும் பயிருக்கு அந்தப் பழைய சொல் சரியாகப் பொருந்தும். இரண்டும் ஒன்றுபோல் தெரிவது அந்தச் சில வாரங்களில்தான்.